ஊதிக் காட்டிய மாப்பிள்ளை

சண்முகவடிவு தன் புருஷன் செய்த சத்தியம் எதையும் நம்பியவள் இல்லை. மூக்கை மட்டும்தான் நம்பினாள். றொசல்லைக்கு மேலே, ரயில் பாதை தெரிகிற ஒரு தோட்டத்தின் மேல்பிரிவில் அவர்களுடைய லயம், ஒட்டி ஒட்டிக் கட்டிய ஒற்றையறை வீடுகளின் வரிசை. பொழுது சாய ஆண்கள் கடைவீதியிலிருந்து மலையேறி வரும்போது பெண்கள் வாசற்படியில் நிற்பார்கள். "ஊதுங்க" என்பார்கள். ஊதிக் காட்டினால்தான் உள்ளே சோறு. வாடை கூடுதலாக இருந்தால் கோழிக்கூட்டுப் பக்கம் சாக்கை விரித்துக்கொள்ள வேண்டியதுதான். எந்தக் காலத்தில் யார் ஆரம்பித்து வைத்த வழக்கமோ, அந்த லயத்தில் அது சட்டம்.

அந்தச் சட்டத்தில் சண்முகவடிவை மிஞ்ச ஆளில்லை. சாராயமா கசிப்பா, எத்தனை கிளாஸ், மேலே வெற்றிலை போட்டு மறைத்திருக்கிறானா, கொய்யா இலையைக் கடித்துத் துப்பிவிட்டு வந்திருக்கிறானா, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவாள். ஹட்டன் ரோட்டில் வாகனத்தை மறிக்கிற பொலிஸ்காரனுக்கு ஊதிப் பார்க்க பலூன் வேண்டும், இவளுக்கு அதுவும் வேண்டாம் என்று கொழுந்து மலையில் பெண்கள் கேலி செய்து, கடைசியில் பலூன் என்றே பேர் வைத்துவிட்டார்கள். கோபப்படுவது போல் காட்டிக்கொள்வாளே தவிர, உள்ளுக்குள் அவளுக்கு அதில் பெருமைதான். அந்தப் பாழாய்ப்போன பெருமை ஒரு பெண்ணின் கையை முறித்தது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

புருஷன் முத்துலிங்கம் ஈரல் வெந்து 2013இல் செத்தான். கண்ணும் தோலும் மஞ்சளாகி, வயிறு மட்டும் பானையாகி, மூன்று மாதம் கிடந்து செத்தான். சண்முகவடிவு அதிகம் அழவில்லை. அழுகையைவிடக் கோபம்தான் வந்தது. மகன் திலக்ஷனுக்கு அப்போது பதினாலு வயது. இவன் வாயில் அந்த வாடை வரக்கூடாது என்று நினைத்தாள். வேறு எதையும் கடவுளிடம் கேட்கவில்லை. அன்றிலிருந்து அவன் பள்ளிக்கூடம் விட்டு வந்தாலும் "ஊதுடா" என்பாள். விளையாட்டுப் பிள்ளை, அம்மாவின் கண்ணில் படுகிறமாதிரி பலமாக ஊதிவிட்டு, அவள் கண்ணை மூடிக்கொள்வதைப் பார்த்துச் சிரிப்பான்.

பதினெட்டு வயதில் கொழும்புக்குப் போனான். மலையில் பிறந்த பையன்களுக்குக் கொழும்பு என்றால் ஏதாவது கடையின் உள்பக்கம்தான். புறக்கோட்டையில் ஒரு துணிக்கடை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வீட்டுக்கு வருவான். படியில் கால் வைத்ததும் கேட்காமலே ஊதிக் காட்டுவான். எந்த வாடையும் இருக்காது. அடுத்த நாள் மலையில் பதினெட்டுக் கிலோ கொழுந்தும் பறித்து முடியும்வரை சண்முகவடிவின் பேச்சு அது ஒன்றாகத்தான் இருக்கும். கொழும்பில் இத்தனை வருசம் இருந்தும் தன் பிள்ளை ஒரு சொட்டுத் தொட்டதில்லை என்பாள். குடிகாரப் பிள்ளைகளைப் பெற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டு கொழுந்தைக் கிள்ளுவார்கள்.

அவளுக்குத் தெரியாதது இது. பண்டிகைக் காலத்தில் அந்தக் கடையில் ஷட்டரை இறக்க நடுச்சாமம் தாண்டும், காலை ஏழு மணிக்குத் திரும்பத் தூக்கவேண்டும். நின்றுகொண்டே தூங்கிய திலக்ஷனிடம், கூட வேலை செய்த ஒருத்தன் ஒரு கண்ணாடிக் குழாயை நீட்டினான். கற்கண்டை இடித்த மாதிரி ஒரு பொடி. கீழே லைட்டரைப் பிடித்துப் புகையை இழுத்தால் இரண்டு நாளைக்குத் தூக்கம் வராது, பசி வராது, உலகத்துத் துணியையெல்லாம் ஒரே ஆளாக மடித்து வைத்துவிடலாம். ஐஸ் என்று பேர். கடை முதலாளிக்கு வேலை நடந்தால் சரி. பையன் எதைத் தின்றுவிட்டு நிற்கிறான் என்று அவர் ஏன் கேட்கப்போகிறார். அதற்கு வாடை கிடையாது. எந்தத் தாயின் மூக்குக்கும் அது அகப்படாது.

நாட்டில் பெட்ரோலுக்கு வரிசை நின்ற வருசம் கடையில் ஆள் குறைத்தார்கள். திலக்ஷன் பெட்டியோடு திரும்பி வந்தான். மெலிந்திருந்தான், கொழும்புச் சோற்றின் இலட்சணம் என்றாள். முழங்கைகளில் சொறிந்து சொறிந்து புண்ணாயிருந்தது; அட்டைக் கடி என்று சவுக்காரம் தேய்த்துவிட்டாள். முப்பது வருசம் கொழுந்து மலையில் அட்டைக்கு இரத்தம் கொடுத்தவள் அவள். அட்டைக் கடி இரண்டு நாளில் காயும், வாரக்கணக்கில் சீழ் கட்டாது என்று அவளுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். பார்க்க விரும்பாதவளுக்குத் தெரிந்து என்ன பிரயோசனம்.

அடுத்த தை மாதம் இறம்பொடைத் தோட்டமொன்றில் பெண் பார்த்தார்கள். பெண்ணின் பேர் தனுஷிகா. ஏ/எல் வரை படித்தவள், கலகலவென்று பேசுகிறவள். அவளுடைய அப்பா ஆண்டியப்பன் பரிசம் போட வந்தவர்களிடம் நகை கேட்கவில்லை, சீர் பேசவில்லை. அவருடைய மூத்த மகள் ஒரு குடிகாரனுக்கு வாழ்க்கைப்பட்டு இரண்டு பிள்ளைகளோடு வீட்டுக்குத் திரும்பி வந்திருந்தாள். அந்த வீட்டில் எல்லாருக்கும் ஒரே பயம்தான் இருந்தது.

"நமக்கு ஒண்ணும் வேணாம் தங்கச்சி," என்றார் ஆண்டியப்பன். "மாப்பிள குடிப்பாரா? அத மட்டும் சொல்லிருங்க."

இந்தக் கேள்விக்காகவே பத்து வருசம் காத்திருந்தவள் போலச் சண்முகவடிவு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"என் வார்த்த எதுக்குண்ணே? நீங்களே பாத்துக்குங்க. டேய், மாமாவுக்கு ஊதிக் காட்டு."

திலக்ஷன் வெற்றிலையும் வாழைப்பழமும் வைத்த தாம்பாளத்துக்கு மேலாகக் குனிந்து, மாமனாரின் முகத்துக்கு நேரே ஊதினான். ஆண்டியப்பன் கண்ணை மூடி, மூச்சை இழுத்து, வெற்றிலை வாடைகூட இல்லையே என்றார். வீடு கொள்ளாத சிரிப்பு. உள்ளே கதவுக்குப் பின்னால் தனுஷிகாவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தட்டு மாற்றினார்கள். அன்று காலையில் இறம்பொடைக்கு வருகிற வழியில், வான் வண்டி தேநீருக்கு நின்றபோது, மாப்பிள்ளை கடையின் பின்பக்கம் போய்க் குழாயை இழுத்துவிட்டுத்தான் வந்தான். இதை அவனே ஒருநாள் அம்மாவிடம் சொன்னான், கோர்ட்டு வாசலில், கையில் விலங்கோடு.

கல்யாணமாகி இரண்டு மாதம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு அவன் தூங்காத நாட்கள் வந்தன. மூன்று நாள் தொடர்ந்து கண் மூடமாட்டான். யாரும் சொல்லாமலே லயத்துக்கு முன்னால் ஓடுகிற தண்ணீர்க் கானை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை வெட்டிச் சுத்தம் செய்வான். சண்முகவடிவு பூரித்துப்போனாள்; தன் பிள்ளையின் சுறுசுறுப்பைப் பாருங்கள் என்று அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டுக் காட்டினாள். பிறகு இரண்டு நாள் பிணம் மாதிரித் தூங்குவான், காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்கும் போகமாட்டான். டீவியைக் கழற்றினான். உள்ளே யாரோ கெமரா வைத்திருக்கிறார்களாம். ரேடியோவைக் கழற்றினான். ஆணிகளையெல்லாம் பாயில் அளவுவாரியாக அடுக்கிவைத்து, விடியும்வரை அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். இருபத்துநாலு வயதுக்காரனுக்குக் கடைவாய்ப்பற்கள் கறுத்து உடைந்து விழுந்தன.

தனுஷிகாவுக்குப் புரிந்துவிட்டது. என்ன என்று பேர் தெரியாவிட்டாலும் ஏதோ ஒன்று என்று புரிந்துவிட்டது. வயிற்றில் ஏழு மாதப் பிள்ளையோடு மாமியாரிடம் வந்து, "மாமி, இவரு சரியில்ல. என்னமோ பாவிக்கிறாரு," என்றாள்.

அதற்குச் சண்முகவடிவு சொன்ன பதிலை இன்றைக்கு நினைத்தாலும் அவளுக்குத் தன் வாயிலேயே அறையத் தோன்றும். "ஏன் புள்ள, அவன் வாயில வாட வந்துச்சா? சொல்லு. வந்துச்சா?"

தனுஷிகா இல்லை என்று தலையாட்டினாள். அதற்குப் பிறகு ஒரு வருசம் அவள் வாயைத் திறக்கவில்லை. குடி இல்லையென்றால் செய்வினையாகத்தான் இருக்கவேண்டும் என்று சண்முகவடிவு முனியாண்டிக்கு எலுமிச்சங்காய் வெட்டினாள், மகனின் கையில் கயிறு கட்டினாள். பேத்தி பிறந்தாள். கயிறு கட்டின கை அடிக்கவும் தொடங்கியது. சத்தம் கேட்டால் பக்கத்துக் காம்பராவில் ரேடியோவைக் கூட்டிவைப்பார்கள். குடும்பம் என்றால் அப்படி இப்படித்தான் என்பார்கள். அந்த வார்த்தையைக் கண்டுபிடித்தவனை நிற்கவைத்து அதே கம்பால் நாலு போடவேண்டும்.

கம்பு என்றது சண்முகவடிவின் மட்டக்கம்பைத்தான். தேயிலைச் செடிக்கு மேல் மட்டம் பார்த்துக் கிள்ளுவதற்குப் பெண்கள் மலைக்குக் கொண்டுபோகிற கம்பு. ஒருநாள் அவள் அதை மறந்து வீட்டில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். பகல் கொழுந்து நிறுக்கிற நேரம். தனுஷிகா கழுவின துணிகளை வேலியில் காயப்போட்டாள், அதில் ஒரு சிவப்புத் துண்டு இருந்தது. சிவப்புத் துண்டு போட்டு யாருக்கடி சாடை காட்டுகிறாய் என்று திலக்ஷன் வெளியே வந்தான். முதலாவது அடியைத் தடுக்கக் கையைத் தூக்கினாள். கம்பு உடையும்வரை அடித்தான்.

சேதி கேட்டுச் சண்முகவடிவு மலையிலிருந்து கூடையோடு ஓடி வந்தாள். அவனைத் தள்ளிவிட்டு, மருமகளையும் பிள்ளையையும் இழுத்துக்கொண்டு கடைவீதிக்கு இறங்கினாள். சில்லறைக்கடை லாபிர் முதலாளியின் ஆட்டோதான் கிடைத்தது. அவருடைய மனைவி செரீபா பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டு தானும் ஏறினாள். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் சண்முகவடிவு அழுதுகொண்டே, என் பிள்ளை குடிக்கமாட்டானே, அவனுக்கு என்ன வந்தது என்று புலம்பியபோது, செரீபாவுக்குப் பொறுக்கவில்லை.

"இது ஐஸ், வடிவு," என்றாள், தன் அண்ணன் மகனை நினைத்துக்கொண்டு. "எங்கட நானாட மகன் சப்ராஸும் இப்பிடித்தான் ஈந்தான். இருவத்தாறு வயசுல அடக்கம் செஞ்சோம். நாங்களும் வாயத்தான் மோந்து மோந்து பாத்தோம். வாய மோந்து வேலயில்ல. தாடயப் பாருங்க. உள்ளுக்குப் பல்ல அரச்சிக்கிட்டே ஈப்பான்."

சண்முகவடிவு அழுகையை நிறுத்தினாள். மகன் பல்லை அரைப்பதை அவள் எத்தனையோ நாள் பார்த்திருக்கிறாள். பூச்சிக் கோளாறு என்று மருந்து வாங்கிக் கொடுத்திருக்கிறாள்.

தனுஷிகாவின் இடது கை முறிந்திருந்தது; அதில் இரண்டு விரல்கள் அதற்குப் பிறகு மடங்கவே இல்லை. கொழுந்துக்கு இரண்டு கையும் வேண்டும். அவளைப் பிள்ளையோடு இறம்பொடைக்கு அனுப்பிவிட்டு, சண்முகவடிவு தானே பொலிசுக்குப் போனாள். தெரிந்த சிங்களத்தில் மகனின் பேரைச் சொன்னாள், கம்பின் இரண்டு துண்டையும் மேசையில் வைத்தாள். பெற்ற பிள்ளையைக் காட்டிக்கொடுத்தவள் என்று லயமே தூற்றியது. அவளோடு ஒரே நிரையில் நின்று கொழுந்தெடுக்கப் பெண்கள் தயங்கினார்கள். அடி விழுந்தபோது ரேடியோவைக் கூட்டிவைத்தவர்களுக்கெல்லாம் அன்று நியாயம் பேச நாக்கு நீண்டது.

கோர்ட்டு அவனைப் புனர்வாழ்வுக்கு அனுப்பியது. அங்கே பரிசோதித்த டாக்டர் சண்முகவடிவைக் கூப்பிட்டு, இருதயம் வீங்கியிருக்கிறது, அறுபது வயதுக்காரனின் இருதயம் மாதிரி இருக்கிறது, இன்னொரு தடவை தொட்டானென்றால் எந்த நேரமும் நிற்கலாம் என்றார். அவள் அதை மனப்பாடம் செய்துகொண்டு வந்தாள்.

அவன் உள்ளே இருந்த காலத்தில்தான் சுமன் வந்தான். ஹட்டனில் ஏதோ ஒரு இளைஞர் அமைப்பு. போதைப்பொருள் பற்றிக் குறும்படம் எடுக்கப் பணம் கிடைத்திருந்தது. மரியாதையான பையன். இரண்டு பின்னேரம் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்து, சண்முகவடிவு சொன்னதையெல்லாம் கொப்பியில் எழுதினான். ஊதிப் பார்த்தது, பரிசத் தட்டு, ஆணிகள், சிவப்புத் துண்டு, கம்பு. யாரும் கேட்டிராத அளவுக்குக் கவனமாகக் கேட்டான். அவளுக்கும் சொல்லிவிட்டதில் ஒரு நிம்மதி. மற்ற வீடுகளாவது பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று தன் காம்பராவையே படம் பிடிக்கக் கொடுத்தாள்.

படம் பிடிக்கிற நாளிலேயே அவளுக்குப் பிடிக்காமல் போனது. அம்மாவாக நடிக்க வந்த டீச்சர் இஸ்திரி போட்ட சேலையில், கொழுந்தெடுக்கிறவர்கள் இடுப்பில் சுற்றுகிற படங்குகூடக் கட்டாமல், கூடைக் கயிற்றைத் தலையில் போடாமல் தோளில் மாட்டிக்கொண்டு நின்றார். மகனாக நடித்தவன் கன்னம் பளபளக்கிற பையன். கண்ணுக்குக் கீழே மை தடவிவிட்டு மெலிந்துவிட்டான் என்றார்கள். ஊதிப் பார்க்கிற விசயத்தை எடுத்துவிட்டார்கள், சனங்கள் சிரித்துவிடுவார்களாம். கம்பும் இல்லை; பார்க்கிறவர்களுக்குக் கஷ்டமாயிருக்குமாம். அதற்குப் பதிலாக ஒரு அறை, உடனே வயலின். விற்கிறவனாகக் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு மீசைக்காரனைப் பிடித்துவந்திருந்தார்கள். அந்தத் தோட்டத்துக்கு அதைக் கொண்டுவருகிறவன் நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு ஆட்டோவில் வருகிறவன் என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும். அவன் திருவிழாவுக்கு நன்கொடை கொடுக்கிறவன். அவனை யார் படத்தில் போடுவது.

படம் எப்படி முடியும் என்று சண்முகவடிவு கேட்டாள். மனைவி பொறுமையாகக் கூடவே இருந்து அவனைத் திருத்திவிடுவாள் என்றான் சுமன்.

"என் மருமக போயிட்டா தம்பி. போனதாலதான் உசுரோட இருக்கா."

"நம்பிக்க குடுக்கணும்லம்மா," என்றான் அவன். "சோகமா முடிச்சா யாரு பாப்பா?"

திலக்ஷன் வெளியே வந்து முதல் மாதம் உண்மையாகவே நன்றாக இருந்தான். சாப்பிட்டான், தூங்கினான், முகத்தில் சதை பிடித்தது. இறம்பொடைக்குப் போன் போட்டு அழுதான். சண்முகவடிவுக்கு ஆசை வந்துவிட்டது. ஆசை என்ன, வெறியே வந்துவிட்டது. பேத்தியைக் கண்டு பத்து மாதமாகியிருந்தது. தொட்டில் சேலையை எடுத்துத் துவைத்து மடித்துவைத்தாள். தோட்டத்துத் தலைவர் நல்லமுத்து இரண்டு பக்கமும் பேசி, படம் காட்டுகிற ஞாயிற்றுக்கிழமை எல்லார் முன்னாலும் இருவரையும் சேர்த்துவைப்பது என்று முடிவானது. தனுஷிகாவுக்கும் மனம் இளகியிருந்தது. பிள்ளைக்கு அப்பா வேண்டும் என்று அவளிடம் சொல்லாத ஆளில்லை.

அந்த வெள்ளிக்கிழமை சண்முகவடிவு மலையிலிருந்து திரும்பியபோது, திலக்ஷன் லயத்துக் கானை வெட்டிக்கொண்டிருந்தான். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை.

யாரும் அவனை வெட்டச் சொல்லவில்லை. அவள் கூடையை இறக்கிவைத்துவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே போய் அடுப்பு மூட்டினாள். உழைத்துப் பழகின உடம்பு, சும்மா இருக்கமாட்டாமல் வெட்டுகிறான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அட்டைக் கடி என்று சொன்ன அதே வாய்தான் இதையும் சொன்னது.

ஞாயிறு பின்னேரம் கோயில் மண்டபத்தில் படம். வெளிச்சம் வராமலிருக்கப் பெண்கள் தங்கள் படங்குகளை யன்னல்களில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். படத்தின் பேரில் விடியல் என்ற சொல் இருந்தது, இல்லாமல் எப்படி. நாற்பது நிமிசம் ஓடியது. மனைவி ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் கஞ்சி ஊட்டினாள். அம்மா மாரியம்மன் படத்துக்கு முன்னால் விழுந்து அழுதாள். கடைசியில் புருஷனும் மனைவியும் பிள்ளையோடு தேயிலைக்கு நடுவில் நின்று சூரியன் எழும்புவதைப் பார்த்தார்கள். அவன் இழுத்த குழாய் எங்கே போனது, பல் எப்படி முளைத்தது, அந்த இருதயம் எப்படிச் சுருங்கியது, ஒன்றுக்கும் பதில் இல்லை. சனங்கள் மூக்கைச் சிந்தினார்கள். கைதட்டினார்கள். தன் வீட்டுச் சுவரைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்த சண்முகவடிவுக்குக் காது சூடேறியது. முன்வரிசையில் தனுஷிகாவும் அழுதுகொண்டிருந்தாள். அந்தப் படம் அவளைத் தன் வீட்டுக்குள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருவதைச் சண்முகவடிவு கண்ணால் கண்டாள்.

தலைவர் நல்லமுத்து மைக்கைப் பிடித்தார். படத்தில் அந்தப் பெண் எவ்வளவு பொறுமையாக இருந்து புருஷனை மீட்டாள், நம்முடைய பெண்களுக்கும் அந்தப் பொறுமை வேண்டும் என்று கால்மணி நேரம் பேசினார். ஆண்டியப்பன் பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு தலையைக் குனிந்திருந்தார். தனுஷிகாவின் காலடியில் துணிப்பை இருந்தது. அவள் தயாராகத்தான் வந்திருந்தாள்.

"வடிவக்கா," என்று தலைவர் சிரித்துக்கொண்டே கூப்பிட்டார். "நம்ம தோட்டத்து பலூனு நீங்கதான். சம்பந்தி முன்னுக்கு மகன ஒருக்கா ஊதச் சொல்லுங்க. எல்லாருக்கும் திருப்தியா இருக்கும்."

மண்டபம் சிரித்தது. அது நல்ல சிரிப்புத்தான், யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. அன்று பரிசத் தட்டைச் சுற்றியிருந்தவர்களும் இப்படித்தான் சிரித்தார்கள்.

திலக்ஷன் எழுந்து வந்தான். வெள்ளைச் சட்டை, தலையில் எண்ணெய், கண்ணில் அந்தப் பழைய விளையாட்டுப் பிள்ளை. அம்மா கேட்பதற்கு முன்பே அவள் முகத்துக்கு நேரே ஊதினான். பற்பசை வாடை மட்டும்தான் வந்தது. சண்முகவடிவு மூக்கை இழுக்கவில்லை. கையைத் தூக்கி அவன் தாடையைப் பிடித்தாள். பார்க்கிறவர்களுக்கு அது கொஞ்சுகிறமாதிரி இருந்திருக்கும். அவள் உள்ளங்கைக்குள் அந்த எலும்பு அசைந்துகொண்டிருந்தது. வாய் மூடித்தான் இருந்தது, உள்ளே பல்லோடு பல் அரைந்துகொண்டிருந்தது.

திலக்ஷன் சிரிப்பை நிறுத்தினான். அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது என்று அவனுக்கும் தெரிந்தது. "அம்மா," என்றான், அவளுக்கு மட்டும் கேட்கிறமாதிரி. சின்ன வயதில் எதையாவது உடைத்துவிட்டு வந்து நிற்கும்போது கூப்பிடுகிற அதே குரல். ஒரு கணம் அவளுக்குத் தொட்டில் சேலை ஞாபகம் வந்தது. ஒரு பொய் சொன்னால் போதும். இன்று இரவு பேத்தி அதில் தூங்குவாள்.

"வாட இல்ல," என்றாள் சண்முகவடிவு, மண்டபத்துக்கே கேட்கும்படி.

கைதட்டல் தொடங்கியது. அவள் மற்றக் கையைத் தூக்கி அதை நிறுத்தினாள்.

"அன்னைக்கும் இல்ல."

மைக்கில் தலைவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சண்முகவடிவு அந்தப் பக்கம் திரும்பவில்லை, ஆண்டியப்பனைப் பார்த்தாள்.

"அண்ணே, என் மூக்க நம்பி புள்ளய குடுத்தீங்க. குடுத்த வார்த்தய நான் திருப்பி எடுத்துக்கிறேன். தனுவ கூட்டிட்டு போங்க. நானே கூப்பிட்டாலும் அனுப்பாதீங்க."

சுவரோரம் நின்ற சுமன் கையில் போனை உயர்த்திப் பிடித்திருந்தான். கைதட்டலைப் படம் எடுக்கத் தொடங்கியவன், நிறுத்த மறந்துவிட்டான். "எடுங்க தம்பி," என்றாள் அவனிடம். "இதுதான் முடிவு. இதயும் கொண்டுபோய் காட்டுங்க."

தனுஷிகாதான் முதலில் எழுந்தாள். மடங்காத இரண்டு விரலும் நீட்டிக்கொண்டிருக்க, பையை எடுத்தாள். அப்பாவின் தோளிலிருந்து பிள்ளையை வாங்கினாள். மாமியாரின் பக்கத்தில் வந்தபோது ஏதோ சொல்ல நின்றாள். சண்முகவடிவு போ என்று கண்ணைக் காட்டினாள். அவர்கள் மண்டபத்து வாசலைத் தாண்டி, படியிறங்கி, ரோட்டுக்குப் போய்ச் சேரும்வரை, அவள் மகனின் தாடையிலிருந்து கையை எடுக்கவில்லை. அது அவள் பிடிக்குள் அரைந்துகொண்டே இருந்தது.